ஆணுக்கு வலப்பக்கம்

பிப்ரவரி 7, புதன்

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் புகைந்துவிட்டது. எனக்குப் பெருங்குடலில் புற்றுநோய். இரண்டும் இன்று மதியத்துக்குள் தெரிந்தது.

மோட்டார் மேல் எனக்கு முன்பே சந்தேகம் இருந்தது. மற்றதன் மேல் இல்லை. சில மாதமாகப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தம் குறைவு என்றார்கள். மங்கை முருங்கைக்கீரையைப் பொரியலாக, அடையாக, சூப்பாக, கடைசியில் தோசை மாவிலும் கலந்து போட்டாள். ரத்தம் ஏறவில்லை. மரம்தான் மொட்டையானது. பிறகு பின்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

டாக்டர் பர்ஹானா என் மகனைவிட இளையவர். ஒரு தாளில் ‘ப’ எழுதி அதைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். இதுதான் பெருங்குடல். கழிவு வலப்பக்கம் ஏறி, மேலே குறுக்கே போய், இடப்பக்கம் இறங்கி வெளியே போகும். எனக்குக் கட்டி ஏறுகிற பக்கம். நான் திருச்சிக் கோர்ட்டில் முப்பத்தாறு வருடம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன். தீர்ப்பு வாசிக்கும்போது கூண்டில் நிற்பவர்கள் ஏன் மின்விசிறியையே பார்க்கிறார்கள் என்று யோசித்ததுண்டு. இன்று நானும் பார்த்தேன். தூசி படிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மங்கை அழுதாள். அழுது முடித்துக் கேட்டாள்.

“எந்தப் பக்கமாம்?”

“வலது.”

“அப்பாடா” என்று மூச்சு விட்டாள். “ஆம்பளைக்கு வலதுதானே நல்லது.”

கண் துடித்தாலும் பல்லி விழுந்தாலும் ஆணுக்கு வலப்பக்கம் நல்லது. கட்டிக்கும் அதே விதி என்று வைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. மறுக்கிற அளவுக்கு எனக்கு விவரம் தெரியாது.

பிப்ரவரி 8, வியாழன்

சகலை வந்தார். மங்கையின் அக்கா திலகவதியின் கணவர், பூபதி. திலகவதி அண்ணியும் கூட வந்தார். தென்னூரில் பெயிண்ட் கடை. மே மாதம் எழுபது முடிகிறது. நான் சைக்கிளில் போன காலத்தில் அவர் ஸ்கூட்டர். நான் ஸ்கூட்டர் வாங்கிய வாரம் அவர் கார் வாங்கினார். மாமனார் வீட்டுப் பந்தியில் அவர் இலையில் வடை இரண்டு விழும், என் இலையில் ஒன்று. இரண்டு வருடம் முன்னால் அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. இப்போது எனக்கு. இதிலும் அவர்தான் முந்தி.

“சகலை, பயப்படாத. நான் பாக்காததா? அறுத்து எடுப்பாங்க, எட்டு கீமோ போடுவாங்க, முடிஞ்சுது. என்னைப் பாரு” என்று எழுந்து நின்று ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். வயிறு மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சுற்றியது. “உனக்கு என்ன செல்லு?”

“இன்னும் சொல்லலண்ணே.”

“எனக்கு மோதிர செல்லு. மைக்ராஸ்கோப்ல பாத்தா ஒவ்வொண்ணும் கல்லு வெச்ச மோதிரம் மாதிரி இருக்குமாம். நூத்துல ஒருத்தருக்குத்தான் வருமாம். டாக்டரே சொன்னார்.”

“அப்படியா அத்தான்!” என்றாள் மங்கை. அவளுக்கு அவரிடம் எப்போதும் அந்த ‘அப்படியா’ உண்டு. என்னிடம் காட்ட எந்த செல்லும் இல்லை. காபி குடித்தேன்.

“எனக்கு இடப்பக்கம்” என்றார் பூபதி.

மங்கையும் திலகவதி அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இடப்பக்கம் வந்தவரே இப்படி இருக்கிறார் என்றால் வலப்பக்கம் வந்தவனுக்கு என்ன குறை? இரண்டு சகோதரிகளும் சேர்ந்து கேஸை என் பக்கம் முடித்துவிட்டார்கள்.

பிப்ரவரி 12, திங்கள்

மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுக்கப் போகிறேன் என்று மங்கையிடம் சொல்லிவிட்டு டாக்டரிடம் போனேன். மோட்டாரையும் கொடுத்தேன். பொய் பாதிதான்.

“டாக்டர், இடது நல்லதா, வலது நல்லதா?”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“பொதுவா சொன்னா வலப்பக்கம் கொஞ்சம் மோசம் சார். அங்க குடல் அகலம், உள்ள போறது தண்ணியா இருக்கும். கட்டி வளந்தாலும் சீக்கிரம் அடைக்காது. ரத்தம் கசிஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாது. உங்களுக்கு மாதிரி ரத்தசோகையிலதான் தெரிய வரும். அதுக்குள்ள நாளாயிடும். வேற இடத்துக்குப் பரவியிருந்தா, இடப்பக்கத்துக்காரங்க அளவுக்கு இவங்க தாங்கறதில்ல. சில மருந்து இவங்களுக்குச் சரியா கேக்காது.”

“பரவலைன்னா?”

“அப்ப கதையே வேற. எந்த இடம், என்ன வகை செல், எவ்வளவு தூரம் போயிருக்கு, மூணையும் சேத்துத்தான் பாக்கணும். எடுத்து டெஸ்ட் பண்ணாம நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

வாய்தா போடத் தெரிந்த டாக்டர். எனக்குப் பிடித்தது.

வீட்டுக்கு வந்தபோது மங்கை எதிர்வீட்டுப் பெண்ணிடம் “வலப்பக்கம்தானாம், நல்லவேளை” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்றுதான் கொஞ்சம் தூங்கினாள். நான் எதுவும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

பிப்ரவரி 19, திங்கள்

நாளை ஆபரேஷன். குடலைச் சுத்தம் செய்ய மருந்து குடித்திருக்கிறேன். மேலே எழுத நேரமில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

எழுத முடிகிறது. வயிற்றில் தையல். சிரிக்கக் கூடாது, இருமக் கூடாது. சிரிப்பதற்கு எதுவும் இல்லாததால் பாதிச் சிரமம் குறைந்தது.

பூபதி தினமும் வந்தார். எனக்கு ஆகாது என்று சொன்ன இளநீரைக் கொண்டுவந்து அவரே குடித்தார். எதிர்க் கட்டில்காரருக்கு மோதிர செல் கதை சொன்னார். அந்த ஆளுக்கு ஹெர்னியா. அப்படியும் கேட்டுக்கொண்டார்.

நேற்று எழுந்து நடக்கச் சொன்னார்கள். ஒரு கையை மங்கை பிடித்துக்கொண்டாள், இன்னொன்றை பூபதி. வராந்தா கோடி வரைக்கும் போய் வந்தோம். பாதியில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வாங்கியதைவிட அவருக்கு அதிகமாக மூச்சு வாங்கியது.

“வயசாச்சுல்ல” என்றார்.

மார்ச் 9, சனி

ரிசல்ட் வந்தது. கட்டி குடல் சுவருக்குள் ஆழமாகப் போயிருக்கிறது. ஆனால் குடலை ஒட்டி எடுத்துப் பார்த்த நெறிக்கட்டிகள், அதாவது நிணநீர் முடிச்சுகள், எதிலும் புற்று இல்லை. வேறெங்கும் பரவவில்லை.

“செல் என்ன வகை?”

“சாதாரண வகைதான் சார். பெரும்பாலானவங்களுக்கு வர்றது.”

நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. அவருக்கு மோதிரம், எனக்குச் சாதாரணம்.

இன்னொரு சோதனையும் செய்திருக்கிறார்கள். அதன்படி, பரவாத நிலையில் என் வகைக்கு வலப்பக்கம் வந்தது கெடுதலே இல்லையாம். கீமோ போட்டும் பெரிய பயன் இல்லை, வேண்டாம், செக்கப்புக்கு மட்டும் தவறாமல் வர வேண்டும் என்றார். எனக்கு டாக்டரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கும்பிட்டேன்.

வீட்டில் சொன்னேன். மங்கை அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“கீமோ இல்லையா?”

அக்காவுக்குப் போன் பறந்தது. அண்ணி வரும்போதே அழுதுகொண்டு வந்தார். “கைய விட்டுட்டாங்களா தம்பி?”

பூபதி முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார். “எனக்கு எட்டு போட்டாங்க. உனக்கு ஒண்ணுகூட இல்லையா? இரு, அந்த டாக்டரம்மாவ நான் வந்து பாத்துப் பேசறேன்.”

நல்ல செய்திதான் என்று மூன்று தடவை சொன்னேன். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ராத்திரி சாப்பாட்டில் அண்ணி எனக்கு மட்டும் நெய் ஊற்றினார். போகிறவனுக்கு ஊற்றுகிற அளவு.

மார்ச் 13, புதன்

புண் ஆறியிருக்கிறதா என்று காட்டப் போனேன். சீட்டு எழுதிக்கொண்டிருந்த டாக்டரிடம் சும்மா கேட்டேன்.

“டாக்டர், இந்த மோதிர செல்லுன்னா என்ன?”

பேனா நின்றது. “யாருக்கு?”

“என் சகலைக்கு. ரெண்டு வருஷம் ஆச்சு. இடப்பக்கம்.”

“நெறிக்கட்டில இருந்துச்சா?”

“ஏழெட்டுல இருந்துச்சாம். பெருமையா சொல்லுவார்.”

“செக்கப்புக்குப் போறாரா?”

“போன ஆடிக்கு முன்னால போனது. உடம்பு நல்லா இருக்கே, எதுக்குன்னு விட்டுட்டார்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “அந்த வகை ஒரே கட்டியா ஒரு இடத்துல நிக்காது சார். ஒவ்வொரு செல்லா பிரிஞ்சு வயித்துக்குள்ள பரவும். சில சமயம் ஸ்கேன்லகூட ஆரம்பத்துல தெரியாது. இடதா வலதான்னு கேட்டீங்களே, இந்த வகை வந்துட்டா எந்தப் பக்கங்கறதால பெரிய வித்தியாசம் இல்ல. அவரோட டாக்டரைச் சீக்கிரம் போய்ப் பாக்கச் சொல்லுங்க. வயிறு எப்படி இருக்கு அவருக்கு?”

“நல்லா இருக்கு. தொந்தி வெச்சிருக்கார்” என்றேன்.

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

மார்ச் 16, சனி

கடைக்குப் போனேன். கல்லாவில் உட்கார்ந்து யாரிடமோ பிரைமர் அடிக்காமல் பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஆள் போகும்வரை காத்திருந்தேன்.

“அண்ணே, செக்கப்புக்குப் போயிட்டு வந்துரலாம். நானும் கூட வர்றேன்.”

“எதுக்கு?”

“உங்க செல்லு கொஞ்சம் பொல்லாததாம். எங்க டாக்டர் சொன்னாங்க.”

பூபதி என்னையே பார்த்தார். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. பரிதாபப்பட்டார்.

“உனக்கு ஊசி போடலைன்னு மனசு சரியில்ல சகலை. எனக்குப் புரியுது. அதுக்காக என்னையும் ஏன் இழுக்கற?”

அவருக்கு ஏதாவது ஒரு குறை வராதா என்று இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அது அவருக்கும் தெரியும். இப்போது உண்மையிலேயே எனக்கு அது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அரை லிட்டர் பச்சைப் பெயிண்ட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் பச்சை அடிக்கிற மாதிரி எதுவும் இல்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. எல்லோரும் இங்கே சாப்பாடு. பூபதி நாலு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. வயிறு ‘திம்’மென்று இருக்கிறதாம். பழைய சட்டைக்கெல்லாம் பட்டன் எட்டவில்லை, புதிதாக ஆறு தைக்கக் கொடுத்திருக்கிறார். உடம்பு தேறிவிட்டது என்று அண்ணி அவருக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நான் பார்க்க வேண்டியிருந்தது.

மங்கையைச் சமையலறையில் பிடித்து, அக்காவிடம் சொல்லி அவரை டாக்டரிடம் அனுப்பச் சொன்னேன்.

“நல்ல நாளும் அதுவுமா வாயை வெக்காதீங்க” என்றாள்.

அண்ணியிடம் நானே சொன்னேன். தானும் நாலு தடவை சொல்லிப் பார்த்ததாகவும், சொன்னால் கடையிலேயே படுத்துக்கொள்கிறார் என்றும் சொன்னார்.

மே 26, ஞாயிறு

திருக்கடையூரில் பூபதிக்குப் பீமரத சாந்தி. எழுபது வயதுக்குச் செய்வது. ஆயுள் நீள்வதற்காக. வேன் பிடித்துப் போனோம்.

தம்பதியை உட்காரவைத்துச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கலசத் தண்ணீர் ஊற்றினோம். என் முறை வந்தது. வேட்டி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கை இரண்டும் குச்சியாகியிருந்தன. நெஞ்செலும்பு தெரிந்தது. வயிறு மட்டும் பளபளவென்று முன்னால் நின்றது. தொப்புள் வெளியே தள்ளியிருந்தது.

“ராஜா மாதிரி தொந்தி” என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

“ஊத்து சகலை, தண்ணி சூடாவா இருக்கு?” என்றார் பூபதி. ஊற்றினேன். நான் அவரைவிட ஏழு வயது சின்னவன் என்பதால் காலில் விழ வேண்டும். இத்தனை வருடத்தில் எப்படியாவது தப்பித்துவிடுவேன். இன்று விழுந்தேன். அவருக்கே ஆச்சரியம்.

ஜூன் 5, புதன்

நேரே சொன்னால் வர மாட்டார். அதனால் அவர் பேச்சையே பிடித்துக்கொண்டேன். “டாக்டரம்மாகிட்ட வந்து பேசறேன்னீங்களே, இன்னிக்கு வாங்க. ஏன் ஊசி போடலைன்னு நீங்களே கேளுங்க.”

புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பத்து நிமிடம் டாக்டருக்குப் புற்றுநோய் பற்றி விளக்கினார். டாக்டர் பர்ஹானா பொறுமையாகக் கேட்டார். முன்பே நான் போனில் சொல்லி வைத்திருந்தேன்.

“உங்களுக்கு நிறைய விஷயம் தெரிஞ்சிருக்கு சார். சட்டையைக் கழட்டிட்டு ஒரு நிமிஷம் படுங்க.”

பலாப்பழம் பார்ப்பதுபோல வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடி தட்டினார். பூபதி கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இருந்தார். பிறகு நிறுத்திவிட்டார்.

“உள்ள நீர் சேந்திருக்கு. நாளைக்கே ஸ்கேன் எடுக்கணும்.”

அவர் சட்டை மாட்டப் போனபோது நான் கேட்டேன். முன்னாலேயே வந்திருந்தால்? “கொஞ்ச நாள் கூடியிருக்கலாம். முழுசா மாத்தியிருக்க முடியும்னு சொல்ல மாட்டேன்” என்றார்.

ஆட்டோவில் வரும்போது பாலக்கரையில் பூபதி என் பக்கம் திரும்பினார்.

“வீட்டுல சொல்லாத சகலை.”

“நாளைக்குத் தெரிஞ்சிரும்ணே.”

“நாளைக்குத் தெரியட்டும்.” சிக்னலில் ஆட்டோ நின்றது. “உனக்கு வந்ததும் எனக்கு வந்ததும் ஒண்ணுதானே?”

“ஆமாண்ணே. ஒண்ணுதான்.”

“நீ நல்லாத்தானே இருக்க?”

“நல்லா இருக்கேன்.”

“அப்புறம் என்ன” என்றார்.

சத்தியம் வாங்கிக்கொண்டு சாட்சியைப் பேச விடுகிற இடத்தில் காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று தெரியாது.

ஜூலை 2, செவ்வாய்

வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். புதுச் சட்டை ஆறும் இப்போது தொளதொளவென்று இருக்கிறது. எட்டு நாளில் மறுபடி சேர்ந்துவிடும் என்கிறார்கள். வேறு கீமோ ஆரம்பித்திருக்கிறார்கள். அண்ணி எதையும் கேட்பதில்லை. என் முகத்தை மட்டும் பார்க்கிறார்.

ஜூலை 21, ஞாயிறு

தினமும் சாயங்காலம் நான் வர வேண்டும் என்று பூபதி சொல்லியனுப்பினார். போகிறேன். கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்கிறார். அவருக்குக் கஞ்சி இறங்கவில்லை.

“நீ சாப்பிடு. நான் பாக்கறேன்.”

இன்று வடை. ஒன்று சாப்பிட்டு முடித்தேன்.

“திலகா, சகலைக்கு இன்னொண்ணு வை” என்றார்.

சாப்பிட்டேன். பிறகு சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டச் சொன்னார். காட்டினேன். “நல்லா ஆறியிருக்கு” என்று சந்தோஷப்பட்டார். என்னைப் பார்த்து அவர் தைரியம் எடுத்துக்கொள்கிறார். அதற்காகவே நான் நன்றாக இருக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு அழுதேன். ஒரு டிராபிக் போலீஸ்காரர் வந்து ஹெல்மெட் எங்கே என்று கேட்டார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பூபதி அண்ணன் இன்று காலை போய்விட்டார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். அவரிடம் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

மங்கை என்னிடம் கேள்வியாகக் கேட்கிறாள். கரண்ட் பில் எப்போது கட்ட வேண்டும். மோட்டார் மெக்கானிக் நம்பர் என்ன. கேஸ் எப்படி புக் செய்வது. இத்தனை வருடம் கேட்காதவள்.

“எதுக்கு இதெல்லாம்?”

“சும்மாதான்.”

எனக்குப் புரிந்தது. நான் இல்லாத வீட்டை நடத்தப் படித்துக்கொள்கிறாள்.

“மங்கை, எனக்கு வந்தது வேற. அவருக்கு வந்தது வேற.”

“ஒண்ணுதான்னு நீங்கதான் அத்தான்கிட்ட சொன்னீங்களாம். அக்கா சொன்னா” என்றாள். “எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். நம்பர் சொல்லுங்க.”

சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

செப்டம்பர் 4, புதன்

கருமாதி. பூபதியின் தங்கை ஜெகதா பட்டுக்கோட்டையிலிருந்து வந்திருந்தார். கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“எங்க வம்சத்துல யாருக்கும் இந்த வியாதி இல்ல. எண்ணெயில பொரிச்சுப் பொரிச்சுப் போட்டா குடல் என்ன ஆகும்? அதே வியாதி வந்தவர்தானே இவரு? கல்லுக்குண்டா நிக்கறாரு பாருங்க. அந்தத் தங்கச்சி பொறுப்பா பாத்துக்கிட்டா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நின்றேன். கோர்ட்டில் மேஜை மேல் சாட்சிப் பொருளை வைப்பார்கள், அதற்குப் பேச உரிமை கிடையாது.

கொல்லைப்பக்கம் கை கழுவப் போனபோது திலகவதி அண்ணி குழாயடியில் நின்றிருந்தார்.

“தம்பி, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. மங்கை உங்களுக்கு என்ன செஞ்சு போட்டா? நான் எதைச் செய்யாம விட்டேன்?”

“அண்ணி…”

“ஒரே வியாதிதானே. நீங்க இருக்கீங்க. அப்ப நான்தானே ஏதோ தப்புப் பண்ணியிருக்கணும்.”

அன்று ஆட்டோவில் சொன்ன பொய் இந்த அம்மாள் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஒரே வியாதி இல்ல அண்ணி. அவர் கேட்டார், அவருக்காக அப்படிச் சொன்னேன். பேர்தான் ஒண்ணு. அவருக்கு வந்த செல்லு ஒரு இடத்துல நிக்காத வகை. கண்டுபிடிக்கறப்பவே நெறிக்கட்டில ஏறியிருச்சு. எனக்கு வந்தது சாதாரண வகை, பரவறதுக்கு முன்னால எடுத்துட்டாங்க. சாப்பாட்டுல எதுவும் இல்ல. மங்கை கீரைதான் போட்டா. அதுல கட்டி ஒண்ணும் கரையல.”

“செக்கப்புக்கு நான் இன்னும் அடிச்சுச் சொல்லியிருந்தா?”

“டாக்டர்கிட்ட கேட்டேன். கொஞ்ச நாள் கூடியிருக்கலாம்னு சொன்னாங்க. அதுக்கு மேல இல்ல. நீங்க சொல்லிட்டுத்தான் இருந்தீங்க. நானே சாட்சி.”

அண்ணி குழாயை மூடினார். திறந்திருந்ததையே இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

“அப்ப நான் எதுவும் தப்புப் பண்ணலியா?”

“இல்ல அண்ணி.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இதை அப்படியே உள்ள வந்து எங்க நாத்தனார் முன்னால ஒருதரம் சொல்வீங்களா?”

உள்ளே போய்ச் சொன்னேன். உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவு சத்தமாகவே சொன்னேன். செல் வகையைச் சொன்னேன், பரவிய விதத்தைச் சொன்னேன். “அவருக்காவது இடப்பக்கம். எனக்கு வந்த வலப்பக்கம்தான் பொதுவா மோசம். பரவியிருந்தா உங்க அண்ணனுக்கு முன்னால நான் போயிருப்பேன். அண்ணி சமையல்லயும் குறை இல்ல, கவனிப்புலயும் குறை இல்ல. இனிமே யாரும் அவங்களை அப்படிச் சொல்லக் கூடாது” என்றேன்.

ஜெகதா குரல் உடைந்து, “எங்க அண்ணனுக்கு மட்டும் ஏன் அந்தச் செல்லு வரணும்?” என்று கேட்டார். அண்ணி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

திரும்பினேன். மங்கை காபித் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். வலப்பக்கம் மோசம் என்றதையும் கேட்டிருக்கிறாள்.

செப்டம்பர் 6, வெள்ளி

மங்கை பேசவில்லை. சாப்பாடு வருகிறது. பேச்சு வரவில்லை.

ராத்திரி விளக்கை அணைக்கும்போது மட்டும் கேட்டாள். “எப்பத் தெரிஞ்சுது?”

“பிப்ரவரியில. மோட்டார் காயில் கட்டக் கொடுத்த அன்னிக்கு.”

“ஊர் முழுக்க நல்லது நல்லதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். பாத்துட்டு இருந்தீங்க.”

“நீ தூங்கணும்னுதான்…”

“நான் தூங்கினேன். நீங்க தனியா முழிச்சிட்டு இருந்தீங்க” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். இதற்கு அடிவாங்கியிருக்கலாம்.

செப்டம்பர் 19, வியாழன்

ஸ்கேன், ரத்தச் சோதனை முடிவு வாங்கும் நாள். மங்கையும் வந்தாள். எனக்கு டோக்கன் வந்த நேரம் அவள் மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

டாக்டர் பர்ஹானா படத்தை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். “ஒண்ணும் இல்ல சார். சுத்தமா இருக்கு” என்றார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். பூபதி அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

மங்கையிடம் போய், “ஒண்ணும் இல்லையாம்” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சமும் நம்பவில்லை. இனி நான் எந்த நல்ல செய்தி சொன்னாலும் இப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது.

“நீங்க சொல்ல வேண்டாம்” என்று பையை என் கையில் திணித்தாள். டோக்கன் இல்லாமல், தடுத்த நர்ஸைத் தாண்டிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனாள். கதவு மூடிக்கொண்டது.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் மடியில் ஃபைலோடு இருந்தார்.

“பேஷண்ட் அவங்களா?” என்று கேட்டார்.

விளக்கம் சொல்லத் தெம்பில்லை. “ஆமா” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மங்கையின் அழுகை கேட்டது. வாய்விட்டு, அடக்காமல், வீட்டில் யாரும் கேட்டிராத அழுகை. வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெரியவர் என் தோளில் கை வைத்தார்.

“தைரியமா இருங்க சார்” என்றார்.

“இருக்கேன்” என்றேன்.